நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

திருச்சிற்றம்பலம்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நமது சிவாலயத்தின் வடமேற்கு மூலையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த திருநந்தவனத்தைச் சீரமைக்கும் பணி இறையருளால் நிறைவடைந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் கோயில் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. அதனால் ரூபாய்க் கணக்கை இங்கே திரும்ப எழுதவில்லை. என்னென்ன வைத்தோம், ஏன் அவற்றை வைத்தோம், கேட்ட சிலவற்றை ஏன் வைக்கவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறோம். கூட்டங்களில் எழுந்த கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைப் பற்றியே இருந்தன.

முதலில் மண். முந்தைய குடமுழுக்கின்போது மிஞ்சிய சுண்ணாம்பு, சிமெண்ட், உடைந்த செங்கல் எல்லாவற்றையும் நந்தவனத்தில்தான் கொட்டியிருந்தார்கள். கருவேல வேரைப் பறிப்பதைவிட இதை அள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மேலே கிடந்ததை அள்ளிய பிறகும் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிட்டது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மல்லிகைக்கு இரும்புச்சத்து ஏறாது. இலை நரம்பு பச்சையாக நிற்க, நடுவே எல்லாம் மஞ்சளாகிவிடும். வைத்த முதல் வரிசையில் அப்படியே ஆனது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்ததில் இலை தெளிந்தது. குழிக்குக் குழி தொழுவுரமும் வண்டலும் இட்டிருக்கிறோம். நம்முடையது காவிரிப் பாசனக் களிமண் என்பதால் ஐப்பசி மழையில் நீர் தேங்கும். வேரில் தேங்கும் தண்ணீரை மல்லிகை இனம் பொறுக்காது. ஆகவே எல்லாப் பாத்திகளையும் மேடாகப் போட்டு, வடிகாலைத் திருக்குளத்து மதகு வரை இழுத்திருக்கிறோம்.

அபிஷேகத் தண்ணீர் பற்றிப் பலர் கேட்டார்கள். கோமுகியிலிருந்து விழும் நீர் பழைய முறைப்படி நந்தவனத்துக்கே போக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் பாலும் தயிரும் எண்ணெயும் கலந்து வருகின்றன. நேரே விட்டால் மண்ணின் மேல் பிசுக்கு படிந்து, வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். கோமுகிக்கு அடுத்தாற்போல் இரண்டு அறைத் தொட்டி ஒன்று கட்டி, எண்ணெய் மேலே நின்றுவிட, அடியிலிருந்து நீர் மட்டும் வாய்க்காலில் இறங்கும்படி செய்திருக்கிறோம். அந்த வாய்க்கால் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் போகிறது. இரண்டும் முரட்டுச் செடிகள். கொடிகளுக்குக் கிணற்று நீர், சொட்டுக் குழாய் வழியாக.

செடிகளைத் தேர்ந்தெடுத்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலரும் பறித்து மாலை தொடுத்தவர். நமது நந்தவனத்தில் கோட்டுப்பூவுக்கு, அதாவது மரக்கிளையில் பூப்பதற்கு, மகிழும் கொன்றையும் முன்பே இருந்தன. இல்லாமல் போனவை கொடிப்பூக்கள்தாம். கொடிக்குப் பந்தல் வேண்டும், பந்தலை ஆண்டுதோறும் பார்க்க ஆள் வேண்டும். ஆள் நின்றதும் முதலில் போவது கொடிதான். எனவே கிடைக்கிற தொகையில் பெரும்பகுதியைக் கொடிகளுக்கே ஒதுக்குவதென்று குழு முடிவு செய்தது. இரும்புக் குழாய்ப் பந்தல் மலிவாக முடியும். ஆனால் சித்திரை வெயிலில் குழாய் கொதித்துத் தளிரைச் சுட்டுவிடும் என்று பூத்தொடுக்கும் பெரியவர் சொன்னதைக் கேட்டு, கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் நிற்பதைப் போன்ற கல்கால்களையே நட்டோம்.

கொடிகளுள் தலையாயது குருக்கத்தி என்னும் மாதவிக்கொடி. திருமுருகன்பூண்டியில் அது தலமரம். நர்சரிகளில் கேட்டால் பெரும்பாலும் வேறு எதையோ எடுத்து நீட்டுகிறார்கள். அடையாளம் பார்ப்பது எளிது: வெள்ளை இதழ்களின் ஓரம் கிழித்தாற்போல் இருக்கும், அவற்றில் ஓரிதழில் மட்டும் மஞ்சள் தீற்று. காய்க்கு மூன்று சிறகு, காற்றில் சுழன்று இறங்கும். உறுப்பினர் ஒருவரின் சொந்த ஊர்த் தோப்பிலிருந்து வந்த விதையில் முளைத்தவைதாம் இப்போது பந்தலேறியிருக்கின்றன. மாசி, பங்குனியில் பூக்கும் கொடி என்பதால் சிவராத்திரிக்குக் கைகொடுக்கும் என்று நம்புகிறோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது வன்மையான மரக்கொடி. நம் நாட்டில் அடக்கமாக இருக்கும் இதே கொடி ஹவாயிலும் மொரீஷியஸிலும் காட்டு மரங்களை மூடிக் கொல்லும் களையாகிவிட்டது. மதிலோரம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

மனோரஞ்சிதம் அதற்கு நேர்மாறு, மெல்ல வளரும். பூக்காம்பே கொக்கியாக வளைந்து பற்றிக்கொள்வதால் கயிறு கட்டித் தூக்கிவிட வேண்டியதில்லை. விதை முளைக்க மாதக்கணக்காகும் என்று பதியம் போட்ட கன்றுகளையே வாங்கினோம். பூ பச்சையாக இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. மஞ்சளாகும்போது வாசனை பிராகாரம் முழுக்க வரும். நினைத்த பழத்தின் மணம் அதில் வரும் என்பார்கள். வருமா என்பதை அவரவர் சோதித்துக்கொள்ளலாம். அந்த வாசனைக்குப் பாம்பு வரும் என்ற அச்சத்துக்குக் குழுவின் விடை: கருவேலம் இருந்தபோது வந்த பாம்புகளைவிட இப்போது குறைவு.

செங்காந்தள் மேல்பாத்தியில் இருக்கிறது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் கொடி. நம் மாநில மலர். ஆடியில் கிழங்கு ஊன்றினால் ஐப்பசியில் கந்த சஷ்டியை ஒட்டிப் பூக்கும். பிறகு தண்டு காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். சித்திரையில் வந்து பார்த்துவிட்டு, செடி பட்டுப்போய்விட்டதாகவும் பணம் வீணாகிவிட்டதாகவும் ஓர் உறுப்பினர் எழுத்தில் கேட்டிருந்தார். பட்டுப்போகவில்லை, மழைக்குப் பிறகு வந்து பார்க்கவும். கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் அந்தப் பாத்திக்கு மட்டும் கம்பி வேலி போட்டிருக்கிறோம். அரளியும் நஞ்சுதான். குழந்தைகளை அழைத்து வருவோர் இரண்டையும் கவனத்தில் கொள்ளவும்.

முல்லையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பாரி முல்லையை வைத்திருக்கிறோம். பிச்சி, குண்டுமல்லி, வெள்ளையும் நீலமுமாகச் சங்குப்பூ, அடுக்கு நந்தியாவட்டை, செவ்வரளி, மஞ்சள் மந்தாரை, பவளமல்லி ஆகியவை பற்றி நீங்களே அறிவீர்கள். பவளமல்லியின் கீழே மாலையில் வெள்ளைத் துணி விரிக்கப்படும். உதிர்ந்த பூவைச் சாத்தலாம் என்பது அந்த ஒன்றுக்குத்தான். இரவில் பூத்து விடியுமுன் உதிர்வதை மண் படாமல் எடுக்கத்தான் துணி. தயவுசெய்து மிதிக்க வேண்டாம்.

வைக்காதவை: போகன்வில்லா கேட்டார்கள். அதில் நிறம் தெரிவது பூவல்ல, பூவைச் சூழ்ந்த இலை. மணமும் இல்லை, மாலைக்கும் ஆகாது, முள் மட்டும் உண்டு. உதகைத் தாவரவியல் பூங்காவுக்குச் சுற்றுலா போய்வந்த இளைஞர்கள், சிவப்பும் மஞ்சளுமாகச் சரம் சரமாகத் தொங்கும் மைசூர் துன்பெர்ஜியாவின் படத்தைக் காட்டி அதையே கேட்டார்கள். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக் கொடி அது. 1848இல் தொடங்கிய அந்தப் பூங்கா 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நாம் ஆற்றுச் சமவெளியில் இருக்கிறோம். புல்வெளியும் குரோட்டன்ஸும் வேண்டும் என்ற யோசனையைக் குழு ஒருமனதாக நிராகரித்தது. தாழை பற்றி ஒருவர் கேட்டார். சிவபூஜைக்கு விலக்கப்பட்ட பூ அது. சிவன் கோயிலில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி, அதிகம் முணுமுணுக்கப்பட்ட விஷயம். கார்த்திகைச் சோமவாரத்தன்று மல்லிகைச் செடிகள் மொட்டையாக நின்றதைப் பார்த்துப் பலர் வருந்தினார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சிக்கு டிசம்பர் கடைசியிலும், முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்தாக வேண்டும். தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி விட்டு வெட்டினால்தான் புதுக் கிளை வெடித்துப் பூ வரும். கவாத்துக் காலமும் கோயிலுக்குப் பூ மிகுதியாகத் தேவைப்படும் கார்த்திகை, மார்கழி, தையும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. பண்டிகைக்காகக் கவாத்தைத் தள்ளிப்போட்டால் பங்குனி உத்திரத்துக்குப் பூ இருக்காது. ஆண்டு முழுவதும் பூக்கும் நந்தியாவட்டையையும் அரளியையும் இவ்வளவு அதிகமாக வைத்திருப்பது அந்த மூன்று மாதத்தை ஈடுகட்டத்தான். அழகுக்காக வைத்தவை அல்ல.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்று நிலம் விட்டிருப்பதைக் காணலாம். செடி வாங்க அல்ல, நந்தவனம் செய்பவர் சோற்றுக்கு விட்ட நிலம் அது. அதே எண்ணத்தில், வசூலான தொகையில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறோம். அதன் வட்டி தோட்டக்காரர் சம்பளத்துக்கு மட்டுமே. அதைக் கொண்டு கல்வெட்டுப் பலகை ஒன்று பெரிதாக வைத்திருக்கலாமே என்று கேட்ட உபயதாரர்கள் பொறுத்தருள வேண்டும். பெயர்கள் அலுவலகப் பதிவேட்டில் உள்ளன.

நிர்மால்யம், அதாவது சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூவும் மாலையும், இனி ஆற்றில் விடப்படாது. கிழக்கு மூலைக் குழியில் மக்கி உரமாகிப் பாத்திக்கே திரும்பும். இதற்கு உறுப்பினர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். வெளியிலிருந்து வாங்கி வரும் மாலை வாழைநாரில் கட்டியதாக இருக்கட்டும். நைலான் நூலையும் ஜிகினாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதில் தோட்டக்காரரின் காலைப்பொழுது போய்விடுகிறது.

பூப்பறிக்கும் உரிமை தோட்டக்காரருக்கும் பூத்தொடுப்பவருக்கும் மட்டுமே. வீட்டுப் பூஜைக்கு வேண்டுவோர் காலசந்தி என்னும் காலைப் பூஜை முடிந்த பின் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். பிச்சி, முல்லைப் பதியக் கன்றுகள் ஆடி மாதம் முதல் உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தரப்படும். மாதவிக் கன்று, வீட்டில் உறுதியான பந்தல் இருப்பவர்களுக்கு மட்டும். குண்டுமல்லிக் கவாத்துக்கு வர விருப்பமுள்ளவர்கள் கார்த்திகை முதல் வாரத்துக்குள் பெயர் கொடுத்து, சொந்தக் கத்தரியுடன் வரவும். கோயிலில் இரண்டுதான் இருக்கின்றன.

இங்ஙனம்,
திருநந்தவனத் திருப்பணிக் குழுவினர்