உபதேசியார் வரிசை வீடுகள் திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்குத் திருப்பணிக் குழுவின் வாழ்த்துகள்.

ஆலய வளாகத்தின் பின்புறம் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த பழைய உபதேசியார் (ஆயருக்கு உதவும் சபை ஊழியர்) வரிசை வீடுகளைப் பழுது பார்த்து, நம் தெரு நடைபாதையில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கும் வேலை முடிந்துவிட்டது. ஒன்பது வீட்டிலும் குடும்பங்கள் வந்துவிட்டன. பணமும் பொறுப்பும் கொடுத்த சபையாருக்குக் கணக்கு சொல்லவும், இன்னும் பாக்கி இருப்பதைச் சொல்லவும் இந்த அறிக்கை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் வாழ்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. சென்னையில் பிராட்வே, வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை பக்கமெல்லாம் நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்ற குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. பலருடைய தாத்தா பாட்டி கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்க வந்தவர்கள். 1996-இல் அங்கிருந்த மொத்தக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது இவர்களால் கூடவே போக முடியவில்லை. பூ கட்டுவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, கடைகளில் லோடு இறக்குவது, வீட்டு வேலை என்று பிழைப்பு இந்தத் தெருக்களோடே பின்னிக் கிடக்கிறது.

கிறிஸ்துமஸ் நேரத்தில் நாம் போர்வையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து வந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆலய மண்டபத்தைத் திறந்து விட்டோம். தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் அதே நடைபாதைக்குத் திரும்பினார்கள். மழைக்கு மட்டும் திறக்கிற கதவு போதுமா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எழுப்பிய கேள்வியிலிருந்துதான் இந்தத் திருப்பணி பிறந்தது.

வீடில்லாதவர்களுக்குக் காப்பகங்கள் இருக்கின்றனவே என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், வருடம் முழுக்க இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்கள் மூலம் காப்பகங்களை நடத்துகிறது. தனியாக விடப்பட்ட முதியவருக்கும், மனநலம் பாதித்தவருக்கும் அவை பெரிய உதவி. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி என்று இருக்கிற குடும்பம் அங்கே போனால் பிரிந்துதான் இருக்க வேண்டும். அடுப்பும் வைக்க முடியாது, பூக்கூடையும் வைக்க முடியாது.

வாரியக் குடியிருப்பும் இருக்கிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அந்த நிறுவனம் கட்டிய பெரிய குடியிருப்புகள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம். இங்கிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர். விடியற்காலை பூ வாங்கினால்தான் அன்றைய வியாபாரம் என்கிற பெண்ணுக்கு அங்கே வீடு கிடைத்தால் வேலை போய்விடுகிறது. வீடு பெற்றுப் போனவர்களில் சிலர் மறுபடி நம் நடைபாதைக்கே வந்து படுத்ததை நம் கண்ணாலேயே பார்த்தோம்.

இன்னொன்று, இவர்களில் பலருக்கு மாதா மாதம் ஒரு சின்ன வாடகை கொடுக்க வருமானம் இருக்கிறது. முன்பணம்தான் கையில் இல்லை. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பண அளவாகச் சொன்னாலும், சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இன்னும் சர்வ சாதாரணம். தினக்கூலி வாங்குகிற குடும்பம் அவ்வளவு தொகையை ஒரே நேரத்தில் எப்படிப் புரட்டும்? பணத்தைப் புரட்டினாலும், நடைபாதை விலாசத்தோடு வருகிறவரைப் பார்த்ததும் வீடு காலியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த இடைவெளியை ஒரு சபையால் அடைக்க முடியும் என்று குழு உறுதியாக நம்பியது. நகரத்தின் நடுவில், பிழைப்புக்குப் பக்கத்தில், நிலம் வைத்திருப்பவை ஆலயங்கள். வேறு இடங்களிலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஆலய நிலங்களில் எளியவர்களுக்கு வீடு கட்டுவதைச் சுலபமாக்க அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2023-இல் தனிச் சட்டமே போட்டது.

வரிசை வீடுகளை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபமும் வாகன நிறுத்தமும் கட்டலாம் என்ற யோசனையும் சபையில் இருந்தது. அதைச் சொன்னவர்கள் ஆலயத்தின் வருமானத்தை நினைத்துத்தான் சொன்னார்கள். அவர்களில் பலர் முடிவான பிறகு தாராளமாகக் காணிக்கை கொடுத்தார்கள். துரத்தப்பட்ட எளியவரை வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை வைத்து ஆயர் தொடர்ந்து கொடுத்த செய்திகள் எங்களுக்குத் தெம்பாக இருந்தன.

வரைபடம் போடுவதற்கு முன்பு, குடிவரப் போகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று சங்கத்துப் பெண்கள் நடைபாதையில் போய் உட்கார்ந்து பேசினார்கள். முழுத் திருப்பணியிலும் மிகவும் பயன்பட்டது இந்தப் பேச்சுதான். நாங்கள் ஆளுக்கொரு சமையலறை, பொதுக் கழிப்பறை என்று நினைத்திருந்தோம். அந்தப் பெண்கள் சமையலைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு, அடுத்தது சொந்தக் குளியலறையும் கழிப்பறையும் என்றார்கள். காசு கொடுத்துப் போகும் கழிப்பறைக்கு ஆகிற செலவு ஒரு பக்கம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பதும், சேலையை மறைப்பாகக் கட்டிக் குளிப்பதும், ராத்திரியில் பெற்றவள் தூங்காமல் காவல் இருப்பதும் இன்னொரு பக்கம். இதைக் கேட்ட பிறகு பொதுக் கழிப்பறை யோசனையை யாரும் எடுக்கவில்லை. ஆண்கள் கேட்டது வண்டி நிறுத்த இடம். வண்டி திருடு போனால் அத்தோடு பிழைப்பும் போச்சு என்றார்கள். கிழக்கு மதிலோரம் கொட்டகை போட்டது அதற்காகத்தான்.

கட்டடத்தைப் பற்றி. இது பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதிக்கிற முறை. சுவர்கள் நல்ல திடம். சுவருக்குள் செருகியிருந்த இடத்தில்தான் சட்டங்கள் உளுத்திருந்தன. கெட்டதை மட்டும் மாற்றினோம். இரண்டு வீடுகளுக்குக் கூரை முழுவதையும் பிரித்துக் கான்கிரீட் போட வேண்டியதாயிற்று. மற்ற ஏழிலும் சிமெண்ட் பூசலாம், சீக்கிரம் முடியும் என்றார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயர்ந்துவிடும். அதனால் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பே பூசப்பட்டது. இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவர் பொறுமையாக, நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தபடி செய்தார். தாமதத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். சித்திரை வெயிலில் உள்ளே போய் நின்று பார்த்தவர்களுக்குக் காத்திருந்தது வீணில்லை என்று புரியும்.

சாலையை மேலே மேலே போட்டுக்கொண்டே வந்ததில் நம் பின்வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. அதனால் தரையை இரண்டடி உயர்த்தினோம். கழிவுநீர்க் குழாயைத் தெருவரைக்கும் புதிதாகப் பதித்தோம். செலவில் பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குத்தான் போனது.

மின்சாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு. வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம் என்பது தெரிந்ததே. ஒரே இணைப்பில் ஒன்பது குடும்பம் இருந்தால் அந்தச் சலுகை ஒரு முறைதான் கிடைக்கும்.

நிலம், தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பேரில் இருப்பதால், பேராயத்தின் வழியாக முறையான அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்கியது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகள் சிலர் பணம் அனுப்ப ஆசைப்பட்டார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்பதால் நன்றியோடு மறுத்தோம்.

மொத்தச் செலவு 46,80,000 ரூபாய். சபையார் கொடுத்த காணிக்கை 29,50,000. இரண்டு வருட அறுப்பின் பண்டிகை வரவு 8,20,000. உறுப்பினர்கள் தந்த வட்டியில்லாக் கடன் 6,00,000. பழைய மரமும் ஓடும் விற்றது 1,10,000. ஒப்பந்தக்காரருக்கு இன்னும் 2,00,000 கொடுக்க வேண்டும். ரசீதுகளும் தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கும் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

வாடகை மாதம் 2,500 ரூபாய். முன்பணம் ஒரு மாத வாடகை மட்டும். சும்மாவே கொடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். இதையும் குடிவருகிறவர்களிடம் கேட்டோம். வாடகை ரசீது வேண்டும் என்றார்கள். ரசீதும் ஒப்பந்தமும் இருந்தால் ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் விலாசம் மாற்றலாம், பள்ளியில் சேர்க்கலாம், யாரும் வந்து எழுந்து போ என்று சொல்ல முடியாது. ஒன்பது வீட்டிலிருந்தும் வருகிற 22,500-இல் 10,000 கடனை அடைக்கவும், 9,000 பராமரிப்புக்கும், மீதி சேமிப்புக்கும் போகிறது. ஐந்து வருடத்தில் கடன் தீரும்.

குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது மனத்தைப் பிழிந்த வேலை. கைக்குழந்தையோ வளர்ந்த பெண் பிள்ளைகளோ நோயாளியோ உள்ள குடும்பங்களுக்கு முதலிடம் கொடுத்தோம். மதமும் சாதியும் கேட்கவில்லை. ஒன்பதில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆராதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. யாராவது அவர்களிடம் அப்படிக் கேட்டால் தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். குழு இதில் விட்டுக்கொடுக்காது. அதேபோல அவர்களை ‘நடைபாதைக்காரர்கள்’ என்று அழைக்க வேண்டாம். இப்போது அவர்கள் நம் வளாகத்துக் குடித்தனக்காரர்கள்.

இடம் கிடைக்காத குடும்பங்கள் இன்னும் மதிலோரம்தான் இருக்கின்றன. அவர்களுக்காகப் பின்வாசல் பக்கம் இரண்டு குளியலறைகளைத் தனியாகக் கட்டி, பெண்களுக்குக் காலையிலும் இரவிலும் திறந்து வைக்கிறோம். தெற்கு மூலையில் இருக்கும் பழைய கிடங்கை இன்னும் மூன்று வீடுகளாக மாற்ற முடியும் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார். அதற்கான மதிப்பீடு அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. ஒப்பந்தக்காரர் பாக்கிக்கு உதவ விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளவும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர, முக்கியமாகக் கணக்கும் ஆங்கிலமும், ஆட்கள் தேவை. பெயர்களை ஓய்வுநாள் பாடசாலைப் பொறுப்பாளரிடம் இந்த மாதக் கடைசிக்குள் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு