ஏழு எண்ணத் தெரிந்த பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாசகர் பகுதியில் அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர், வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய எந்த டிரம் மெசின், அதாவது மேளச் சத்தம் போடும் பெட்டி, வாங்கலாம் என்று கேட்டிருந்தார். போனிலும் லப்டொப்பிலும் எல்லாச் சத்தமும் கிடக்கும்போது காசைக் கரைக்க வேண்டாம் என்று பதில் போட்டிருந்தீர்கள். பதில் பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் தம்பி கேட்டது அதை அல்லவே.

நான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன். கல்லடியில் வீட்டின் பின்னறையில் நானும் மருமகனும் பாட்டுப் பதிகிறோம். பெரும்பாலும் கோயில் பாட்டு. ஃபேனை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, பாண் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையைக் கடக்கும்வரை காத்திருந்து பதியும் ஸ்டூடியோ அது.

நாங்களும் லப்டொப்பில்தான் தொடங்கினோம். விரலால் தட்டினால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். மருமகன் டிரைவர் என்ற ஏதேதோ மென்பொருளைப் போட்டு அதைக் குறைத்தான், அதற்குள் இரண்டு பின்னேரம் போய்விட்டது. என் போன் திரையிலோ மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம். சின்ன வயதில் மேசையில் தாளம் போட்டு அடி வாங்கிய கை இது, அதற்கு அது ஒத்துவரவில்லை. ரப்பர் பட்டன் உள்ள பெட்டி வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

கடைக்காரர் முதலில் காட்டுவது சத்தத்தை. இத்தனை நூறு சத்தம், இது 808 சத்தம் என்பார். ரோலண்ட் கம்பனியின் 808 மெசின் வந்தது 1980-இல். அது மின்சுற்றாலேயே மேளச் சத்தத்தை உண்டாக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த எல்எம்-1 நிஜ டிரம்மைப் பதிந்து சிப்பில் வைத்தது. இன்றைக்கும் கடையில் கிடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வகையில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. எது நல்லது என்று நான் சண்டை பிடிக்கப் போவதில்லை, காதுக்குப் பிடித்ததை எடுக்கலாம். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இந்தப் பெட்டிக்கு ஏழு எண்ணத் தெரியுமா?

தகிட தகதிமி என்று மூன்றும் நாலுமாக நடக்கும் பாட்டு எங்களிடம் எத்தனை! நாலு நாலாக மட்டும் எண்ணும் பெட்டியில் அதைப் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே பாட்டு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். மருமகனிடம் கோர்க் வோல்கா பீட்ஸ் இருந்தது. 2013-இல் வந்த சின்னப் பெட்டி, பத்துச் சத்தம், ஒரு சுற்றுக்குப் பதினாறு படி, அதாவது அடி போடும் இடம். இது சரிவராது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதில் வேண்டாத படியை அணைத்துவிடலாம், மெசின் அதைத் தாண்டிப் போகும். இரண்டு படியை அணைத்தால் பதினாலு, அதாவது ஏழு இரண்டு தடவை. நாலை அணைத்தால் பன்னிரண்டு, அதில் பைலாவே போடலாம். ஆறு பென் பற்றரியில் ஓடும் என்பதால் கரண்ட் போன இரவுகளில் முற்றத்தில் வைத்துத் தட்டியிருக்கிறோம். குறை என்றால், எல்லாச் சத்தமும் ஒரே ஹெட்போன் துளையால்தான் வெளியே வரும். ஸ்னேர் என்ற சின்ன டிரம்மும் எனக்குத் தகரத்தில் தட்டினது போலத்தான் கேட்கும்.

அந்த ஒரே துளைதான் என்னை அலெசிஸ் எஸ்ஆர்-16 என்ற டிரம் மெசின் பக்கம் தள்ளியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பழைய ஆள். 233 சத்தம், தட்டும் பலத்தைக் கேட்டு நடக்கும் பன்னிரண்டு பட்டன். ஒரு பட்டர்னுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளச் சுற்றுக்கு, எத்தனை அடி என்று நாமே சொல்லலாம், ஏழு என்றால் ஏழு. முக்கியமாக, சத்தம் வெளியே வர மெயின் சோடித் துளை தவிர இன்னொரு சோடியும் இருக்கிறது. சத்தத்தை லப்டொப்புக்குள் ஏற்றும் எங்கள் இன்டர்ஃபேஸ் பெட்டியில் இரண்டு துளைதான். கிக் என்ற பெரிய டிரம்மின் சத்தத்தை மட்டும் ஒரு வயரில், மிச்சத்தை மற்ற வயரில் அனுப்புகிறோம். பிறகு கேட்கும்போது கிக் கூடிப்போய் நின்றால் அதை மட்டும் குறைக்கலாம். வோல்காவில் பதிந்த பழைய பாட்டுகளில் கிக் இன்னும் அப்படியே இடித்துக்கொண்டு கிடக்கிறது.

வாங்கிய கதையில் ஒரு கூத்து. பழைய பெட்டி, கொழும்பில் ஒரு கடை பார்சலில் அனுப்பியது. அடப்டரும் வந்தது, 9 வோல்ட். சொருகப் போன கையை மருமகன் பிடித்துக்கொண்டான். பெட்டியின் பின்பக்கம் 9 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட், என்று இருக்கிறது; அடப்டரில் டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட். வோல்காவுக்குத்தான் டிசி. எண் ஒன்றாக இருந்ததும் நான் மிச்சத்தை வாசிக்கவில்லை. தபாலில் முப்பது வருசம் விலாசம் வாசித்தவன்! கடைக்குப் போன் எடுத்தால் 'எல்லாம் ஒண்டுதான் ஐயா' என்றார்கள். சரியானது கிடைக்கும்வரை மூன்று கிழமை பெட்டி அலுமாரியில் கிடந்தது.

அதோடு முடியவில்லை. பழைய மெசின்களில் நாம் போட்டு வைத்ததைக் காப்பது உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி. என்னுடையதில் அது செத்துக்கொண்டிருந்தது. வைகாசியில் அம்மன் கோயில் குளுத்திச் சடங்குக்கு முன் உட்கார்ந்து சேர்த்த பட்டர்ன் அத்தனையும் ஒரு விடியலில் இல்லை. ஆகவே தம்பி, பழையது வாங்கினால் கடையிலேயே ஒரு பட்டர்ன் போட்டு, வயரைக் கழற்றி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ஒருநாள் எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு வந்தார். ஏழு எண்ணும் பட்டர்னைப் போட்டுவிட்டேன். கூட வாசித்தார், பிசகவில்லை. பிறகு வடமோடிக் கூத்தின் தரு, அதாவது ஆட்டப் பாட்டு, ஒன்றை எடுத்து, வழக்கம்போல முடிவை நோக்கி வேகத்தை ஏற்றினார். பெட்டி தன் பாட்டில் போனது. மத்தளத்தை நிறுத்திவிட்டு அதைக் குனிந்து பார்த்தார். 'இது ஆட்டக்காரன்ட காலப் பாக்குதில்லையே' என்றார். அன்றிலிருந்து கூத்துப் பாட்டுக்குப் பெட்டியைத் தொடுவதில்லை. மற்றவைக்கு அவர் காதில் ஹெட்போனைப் போட்டு மெசினை ஓடவிடுகிறோம், அவர் அதன் மேல் வாசிக்கிறார், கடைசியில் மெசினின் சத்தத்தை அணைத்துவிடுகிறோம். கேட்கிறவருக்கு மத்தளம் மட்டும் கேட்கும்.

அக்கரைப்பற்றுத் தம்பி மட்டக்களப்புப் பக்கம் வந்தால் கல்லடிக்கும் வரட்டும். இரண்டு பெட்டியையும் தட்டிப் பார்க்கலாம். அடப்டர்களை மட்டும் மாற்றிச் சொருகாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியன்,
கல்லடி, மட்டக்களப்பு.