ஈக்களுக்குச் சோறு போட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பழ ஈக்கள் வைரஸை எப்படி எதிர்க்கின்றன, எப்படித் தாங்குகின்றன என்ற என் ஆய்வேட்டைப் போன வாரம் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் இடம், அதுவும் ஆங்கிலத்தில். இந்த வேலையில் பாதியைச் சுமந்தவர்கள் அதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பெங்களூரு அல்சூர் சந்தைப் பழக்கடை அண்ணாச்சிக்கு. ஈ பிடிக்க வந்திருக்கிறேன் என்றதும் நீங்கள் விரட்டவில்லை. கனிந்த வாழைப்பழக் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்து, "சாயந்திரம் வாம்மா, அப்பதான் மொய்க்கும்" என்றீர்கள். அது உண்மை. பழ ஈக்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். அன்று பிடித்த ஒவ்வொரு பெண் ஈயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு, அதன் பிள்ளைகளை அண்ணன் தங்கையாகவே 20 தலைமுறை சேர்த்து வளர்த்தேன். அப்படிச் செய்தால் ஒரு குப்பியில் இருக்கும் ஈக்கள் எல்லாம் மரபணுவில் ஏறக்குறைய ஒரே அச்சாகிவிடும். அமெரிக்காவின் ராலே நகரச் சந்தையில் பிடித்த ஈக்களிலிருந்து இதேபோல் சுமார் 200 வம்சங்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். நம் அல்சூர் சந்தைக்கும் அப்படி ஒரு சின்ன வரிசை வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து ஈக்களுக்குச் சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சும் அக்காவுக்கு. என் கேள்வி இதுதான்: வைரஸ் ஏறினால் சில வம்சங்கள் அதைப் பெருகவிடாமல் அடக்கிவிடுகின்றன, அது எதிர்ப்பு. வேறு சில, உடம்பு நிறைய வைரஸ் இருந்தும் சாகாமல் தாக்குப்பிடிக்கின்றன, அது தாங்கும் திறன். இரண்டையும் பிரித்துப் பார்க்க, உடம்பில் எவ்வளவு வைரஸ் என்றும் அளக்க வேண்டும், தினமும் எத்தனை ஈ செத்தது என்றும் எண்ண வேண்டும். கஞ்சி சூடு ஆறுமுன் பஞ்சை அடைத்தால் குப்பிக்குள் வியர்த்து, ஈ அந்த ஈரத்தில் ஒட்டிச் செத்துப்போகும். அதையும் வைரஸ் கணக்கில் எழுதிவிடுவேன். அக்கா, நீங்கள் பாத்திரத்தின் பக்கவாட்டில் புறங்கையை வைத்து, "இன்னும் கொஞ்சம் பொறு கண்ணு" என்பீர்களே, என் எண்கள் நம்பத்தக்கவையாக இருப்பது அந்தப் புறங்கையால்தான்.

"வோல்பாக்கியா இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்ட சீனியர் அக்காவுக்கும் நன்றி. ஈயின் செல்லுக்குள் குடியிருக்கும் அந்த பாக்டீரியா வைரஸிலிருந்து ஈயைக் காக்கும் என்பது 2008-லேயே வெளிவந்த செய்தி. பார்க்காமல் விட்டிருந்தால் பாக்டீரியா செய்த வேலையை மரபணுவின் பெயரில் எழுதியிருப்பேன்.

ஏப்ரலில் ஓர் இரவு, ஈக்குப்பிகளின் வெப்பத்தைச் சீராக வைக்கும் வளர்ப்புப் பெட்டி நின்றுபோனது. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், வம்சமே அறுந்துவிடும். விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்து இரண்டு மணிக்கு என்னை எழுப்பிய காவலாளி அண்ணா, நீங்களும் நானுமாக மூச்சு வாங்க ட்ரே ட்ரேயாகக் குளிர் அறைக்குத் தூக்கினோம். அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். பொங்கலன்றும் செத்த ஈயை எண்ணப் போன மகளுக்குத் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கட்டிக் கொடுத்த அம்மாவுக்கு இன்று ராத்திரி சொல்வேன்.

அண்ணாச்சி, உங்கள் கடையில் பிடித்த ஏழாவது ஈயின் வாரிசுகள்தான் மற்ற வம்சங்கள் அளவுக்கே வைரஸைச் சுமந்தும் நெடுநாள் உயிரோடிருந்தவை. குப்பியில் 'அல்சூர் 7' என்று எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காட்டுகிறேன்.