லியுபோதனுக்குக் கிடைத்த தீர்ப்பும் நீங்கள் மூடிய நான்கு வழக்குகளும்

வட மசிடோனிய நாடாளுமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

2001 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்கோப்யே நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் லியுபோதன் என்ற, அல்பேனிய இனத்தவர் வாழும் சிற்றூருக்குள் ஆயுதம் தாங்கிய ரிசர்வ் காவலர்கள் நுழைந்தார்கள். இரண்டு நாள் முன்னர்தான் ஊரை ஒட்டிய மலைப்பகுதியில் கண்ணிவெடியில் சிக்கி எட்டு மசிடோனியப் படைவீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அன்றே ஊர்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. ஞாயிறன்று ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நிலவறையில் ஒளிந்திருந்த ஆண்களை வெளியே இழுத்து, தரையில் குப்புறப் படுக்கவைத்து அடித்தார்கள்; அங்கிருந்து ஓட முயன்றவரைச் சுட்டார்கள். கைதானவர்களில் ஒருவர் காவலில் வாங்கிய அடியால் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

இதை "மோதல்" என்றுதான் உங்கள் அரசு அப்போது அறிவித்தது. தேசிய விடுதலைப் படை என்ற அல்பேனியக் கிளர்ச்சி அமைப்பின் ஆட்கள் ஊருக்குள் இருந்தார்கள் என்பது அதன் வாதம். ஹேக் நகரிலிருந்த, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் சாட்சிகளை விசாரித்த பின், படைவீரர்களின் சாவுக்குப் பழிதீர்க்கவே பொதுமக்கள்மீது இந்தத் தாக்குதல் நடந்தது என்ற முடிவுக்கு வந்தது. அன்றைய உள்துறை அமைச்சர் லியூபே பொஷ்கோஸ்கி விடுவிக்கப்பட்டார்; காவலர்களை வழிநடத்திய யோஹான் தார்ச்சுலோவ்ஸ்கிக்கு 2008 ஜூலையில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2010இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. 2013இல் முன்கூட்டியே விடுதலையாகித் திரும்பியவரைத் தலைநகர் வரவேற்றுக் கொண்டாடியது. பின்னர் உங்கள் அவையிலேயே உறுப்பினராகவும் அமர்ந்தார். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அலி அஹ்மேதியும் அதே அவையில்தான் அமர்ந்தார். ஒரே கூரையின்கீழ் இருவரும்; சமாதானத்தின் விலை இதுதான் என்றால், அதை வெளியூர்க்காரன் நான் குறைசொல்லப் போவதில்லை.

என் குறை வேறு. லியுபோதனில் ஊர் எரிந்த மறுநாள், ஆகஸ்ட் 13 அன்று, அந்த ஆண்டின் மோதலை முடிவுக்குக் கொண்டுவரும் ஒஹ்ரிட் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த ஆண்டு வந்த பொதுமன்னிப்புச் சட்டம், ஹேக் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வரும் குற்றங்களை மன்னிப்புக்கு வெளியே நிறுத்தியது. அது சரியான கோடு. தீர்ப்பாயம் நான்கு வழக்குகளை உங்கள் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. நான்கிலும் குற்றம் சாட்டப்பட்டது கிளர்ச்சியாளர் தரப்பு: அதன் தலைமைமீதான வழக்கு ஒன்று, சாலைப்பணித் தொழிலாளர்களைக் கடத்தித் துன்புறுத்திய மாவ்ரோவோ வழக்கு, லிப்கோவோ நீர்த்தேக்கத்தை மூடி, கோடைக்காலத்தில் குமானோவோ நகரத்தின் குழாய்களை நாள்கணக்கில் வறளவிட்ட வழக்கு, கடத்தப்பட்ட மசிடோனியர்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்ட நெப்ரோஷ்தெனோ வழக்கு. 2011 ஜூலையில் உங்கள் அவை அந்தச் சட்டத்துக்கு ஓர் "அதிகாரபூர்வ விளக்கம்" கொடுத்து, இந்த நான்கையும் மன்னிப்புக்குள் இழுத்துப்போட்டது. மசிடோனியரின் பெயரால் ஆண்ட கட்சியும் அல்பேனியரின் பெயரால் ஆண்ட கட்சியும் ஒரே கூட்டணியில் இருந்த காலம் அது.

விளைவைப் பாருங்கள். லியுபோதன் ஊராருக்குத் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும் தீர்ப்பு ஒன்றாவது கையில் இருக்கிறது. யார் எந்த வீட்டில், எப்படிச் செத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. நெப்ரோஷ்தெனோவில் எலும்புகளை அடையாளம் காட்டிய மசிடோனியக் குடும்பங்களுக்கு அதுகூட இல்லை. தம் இனத்தவரே பெரும்பான்மையாக அமர்ந்திருந்த அவை, அந்த வாசலைத் தம்மீதே சாத்தும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒருமுறை தந்த மன்னிப்பைப் பறிக்கச் சட்டம் இடம் தராது என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்லலாம். அப்படியே இருந்தாலும், அரசு வழக்குத்தொடுநரின் அலமாரியிலுள்ள அந்த நான்கு கோப்புகளையும் திறந்து, சாட்சிகளை அழைத்து, நடந்ததை எழுதி வெளியிடும் அதிகாரம் கொண்ட விசாரணை ஆணையத்தை அமைக்க எந்த மன்னிப்பும் தடையில்லை. 2011 விளக்கத்தை நீக்க முடியுமானால் நீக்குங்கள். முடியாதென்றால் இந்த ஆணையத்தையாவது அமையுங்கள். அதன் அறிக்கை மசிடோனிய மொழியிலும் அல்பேனிய மொழியிலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும். லியுபோதன் தீர்ப்பும் அதன் பின்னிணைப்பாக இரு மொழிகளிலும் முழுமையாக இடம்பெற வேண்டும்.

மதிப்புடன்,
அந்தத் தீர்ப்பைப் படித்த ஒரு வாசகன்