அந்தக் காலடியைப் பற்றி

ஸ்காபரோ,
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, படி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறார். நீ அனுப்பிய ஜக்கெற் அவருக்கு அளவாக இருக்கிறது.

போன கிழமை நீ போனில் கத்தியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். போனில் உன்னோடு வாதாட முடியாது, பாதியிலேயே குறுக்கே விழுவாய். பேஸ்போல் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் எங்கள் புளூ ஜேய்ஸ் அணியின் கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸை (ஓடுகிறவன் நிற்கும் மூலையை) விட்டு இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால், லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் தோற்காமல் கோப்பை ரொறன்ரோவுக்கு வந்திருக்கும், ஒருவனுடைய காலால் எல்லாம் போச்சு, இனி இந்த அணியைப் பார்க்கவே மாட்டேன் என்றாய். உனக்கு ஒக்டோபர் மட்டும்தான் தெரியும். நான் ஏப்ரலில் இருந்து பார்த்தவள். அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசி.

எங்கள் முதியோர் இல்லத்தில் மாலை வேலை என்றால் ஏழு மணிக்குப் பொது அறைத் தொலைக்காட்சியில் புளூ ஜேய்ஸ்தான். மூலை அறையில் இருக்கும் ஐயா பென்சிலால் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு எழுதுவார். எனக்கு பேஸ்போல் விளங்கியது அவருடைய தாளைப் பார்த்துத்தான். ஒருவன் பந்தைத் தவறவிட்டோ நல்ல பந்தை அடிக்காமல் விட்டோ மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஆட்டமிழந்தால், அதுதான் ஸ்ட்ரைக் அவுட், 'கே' என்று ஒரு எழுத்து. பந்து தரையில் உருண்டு ஆட்டமிழந்தால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இலக்கங்கள். அப்பாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. ஐந்து நாள் கிரிக்கெற்றை அசையாமல் இருந்து பார்த்த மனிதர், மூன்று மணி நேர ஆட்டத்தில் கொட்டாவி விடுகிறார்.

போன வருடம், 2024இல், புளூ ஜேய்ஸ் 74 ஆட்டம் வென்று 88 தோற்றார்கள். தங்கள் பிரிவில் கடைசி. இந்த வருடமும் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏப்ரலில் எங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் கெரேரோவுக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் என்று ஒப்பந்தம் போட்டபோது அப்பா கல்குலேற்றரை எடுத்துவிட்டார். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம் டொலர் வருகிறதாம். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், பெடியன் மொன்றியலில் பிறந்தவன், தகப்பன் அங்கே விளையாடிய காலத்தில். உன்னைவிட ஒரு வயதுதான் மூப்பு.

மே மாதம் வரைக்கும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் வென்றார்கள், அடுத்த நாள் தோற்றார்கள், நியூயோர்க் யாங்கீஸ் தூரத்தில் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐயா மட்டும் தாளைக் காட்டி, பார், எங்கள் பக்கத்தில் 'கே' குறைவு என்பார். அதைத்தான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் எல்லா அணியும் ஹோம் ரன் (பந்தை மதிலுக்கு வெளியே அடிப்பது) ஒன்றே நோக்கமாக மட்டையைச் சுழற்றுகிறது, பட்டால் பட்டது, படாவிட்டால் ஸ்ட்ரைக் அவுட். இவர்கள் அப்படி இல்லை. இந்த வருடம் முழு மேஜர் லீக்கிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி இதுதான், துடுப்பாட்டச் சராசரியிலும் முதலிடம். பந்தை எப்படியாவது ஆடுகளத்துக்குள் போடு, மற்றவன் ஓடிப் பிடிக்கட்டும், எறியட்டும், தவறட்டும் என்கிற ஆட்டம். எர்னி கிளெமென்ட் என்ற பெடியனை கிளீவ்லாண்டும் வேண்டாம் என்றது, ஓக்லாண்டும் வேண்டாம் என்றது. அவன் எந்தப் பந்தையும் விடமாட்டான், தலைக்கு மேலே போனாலும் மட்டையைக் கொண்டுபோய் வைப்பான். இந்த ஒக்டோபரில் 30 ஹிற் (பந்தை அடித்துப் பேஸைப் பிடிப்பது) அடித்தான். ஒரு வருடத்துப் பிளேஓஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில், அவ்வளவு ஹிற் அதுவரை யாரும் அடித்ததில்லை.

கனடா தினத்தை ஒட்டி யாங்கீஸ் நாலு ஆட்டத்துக்கு இங்கே வந்தார்கள். நாலையும் தோற்றுவிட்டுப் போனார்கள். ஜூலை முதலாம் திகதி ஸ்பிரிங்கர் ஒருவனே இரண்டு ஹோம் ரன், அதில் ஒன்று கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிப்பது), தனியாக ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்தான். முப்பத்தைந்து வயது ஆள், போன வருடம் இவன் முடிந்துவிட்டான் என்று எழுதினார்கள். அந்த நாலு நாளின் அருமை எனக்கு செப்டெம்பரில்தான் விளங்கியது. கடைசி நாளில் இரண்டு அணியும் 94 வெற்றி, 68 தோல்வி. சரிசமம் என்றால் இரண்டு அணியும் தங்களுக்குள் விளையாடியதில் யார் கூட வென்றது என்று பார்ப்பார்கள். எங்களுக்கு எட்டு, அவர்களுக்கு ஐந்து. 2015க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவில் முதலிடம். அதாவது, தம்பி, ஜூலையில் ஒரு புதன்கிழமை நடந்த ஆட்டத்தை நீ பார்க்கவில்லை, ஆனால் ஒக்டோபரில் நீ பார்த்ததெல்லாம் அங்கே இருந்துதான் வந்தது.

உன் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ட்ரே யெசவேஜ் என்ற இருபத்திரண்டு வயதுப் பெடியன் வருடத் தொடக்கத்தில் கீழ்மட்ட அணி ஒன்றில் புளோரிடாவில் இருந்தான். பிறகு வன்கூவர் கனேடியன்ஸ், பிறகு நியூ ஹாம்ஷயர், பிறகு பஃபலோ, செப்டெம்பரில் ரொறன்ரோ. நீ வேலைக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தச் சின்ன மைதானத்தில் பந்து எறிந்தவனா ஒக்டோபரில் யாங்கீஸ் அணியை ஒரு ஹிற் கூட அடிக்க விடாமல் பதினொரு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான் என்று நான் உன்னிடம் கேட்டபோது, நீ அப்படி ஒருவனைக் கேள்விப்படவே இல்லை என்றாய்.

யாங்கீஸை நாலு ஆட்டத்தில் முடித்தார்கள். அடுத்த சுற்றில் சியாட்டில்தான் வாட்டி எடுத்தது. முதல் இரண்டு ஆட்டமும் இங்கேயே தோல்வி. ஏழாவது ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில், 3-1 என்று பின்னுக்கு நிற்கும்போது ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தான். 4-3. நீயும் பார்த்தாய், எனக்குத் தெரியும், அந்த நிமிடம் போன் அடித்தது. அந்த ஹோம் ரன்னுக்கு முன்பு பேஸில் நின்ற இருவரில் ஒருவன் யார் என்று நினைவிருக்கிறதா? நீ இப்போது திட்டுகிறாயே, அதே கைனர்-ஃபலேஃபா. ஓகஸ்ட் கடைசியில் பிற்ஸ்பேர்க் வேண்டாம் என்று விட்டதை இவர்கள் எடுத்த ஆள். சியாட்டில்காரரை நினைத்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, உலகத் தொடருக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி அது.

உலகத் தொடர் நீ முழுக்கப் பார்த்ததுதான், ஆனாலும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்து கிராண்ட் ஸ்லாம் அடித்த பார்ஜர், உலகத் தொடர் வரலாற்றில் அப்படி அடித்த முதல் ஆள், முதல் நாள் இரவு சக ஆட்டக்காரன் டேவிஸ் ஷ்னைடரின் ஹோட்டல் அறையில் சோபாவில் படுத்திருக்கிறான். படுக்க இடம் இல்லாமல்! நான் இதை வாசித்துவிட்டு, பிள்ளை சாப்பிட்டானோ தெரியாது என்றுதான் யோசித்தேன். மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினெட்டு வரை போனது. அன்றைக்கு எனக்கு இரவு வேலை. டொட்ஜர்ஸின் ஃபிரீமன் அடித்து முடிக்கும்போது இங்கே விடியப்புறம் மூன்று மணி ஆகப்போகிறது. ஐயாவை நித்திரைக்கு அனுப்ப முடியவில்லை. தாளில் இடம் முடிந்து, பின்பக்கத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தோற்றார்கள்தான், ஆனால் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் அதே லொஸ் ஏஞ்சல்ஸில் வென்றார்கள். ஐந்தாவதில் யெசவேஜ் பன்னிரண்டு ஸ்ட்ரைக் அவுட், ஒருவனுக்கும் இலவச பேஸ் (பிழையான பந்து நாலு எறிந்தால் கொடுப்பது) இல்லை.

இப்போது உன் வழக்குக்கு வருகிறேன்.

ஏழாவது ஆட்டத்துக்கு முதல் நாள், ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது? ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-1 என்று நாங்கள் பின்னுக்கு. பார்ஜர் அடித்த பந்து மதில் அடியில் செருகி நின்றுவிட்டது. செருகினால் ஓடினவர்கள் இரண்டு பேஸோடு நிற்க வேண்டும் என்பது விதி. அது செருகாமல் தெறித்திருந்தால் ஒரு ஓட்டம் வந்திருக்கும். சரி, இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள், ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. கிளெமென்ட் ஆட்டமிழந்தான். அப்புறம் ஹிமெனெஸ் இடப்பக்கம் தாழ அடித்தான். அது விழும் என்று நினைத்து பார்ஜர் பேஸை விட்டு அதிக தூரம் வந்துவிட்டான். டொட்ஜர்ஸின் ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். இரட்டை ஆட்டமிழப்பு, ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? ஏன் இவ்வளவு தூரம் வந்தான், பேஸோடு நிற்கத் தெரியாதா என்றாய். என் போனில் இருக்கிறது, வேண்டுமானால் திருப்பி அனுப்புகிறேன்.

அடுத்த நாள் இரவு, 4-4. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், ஒருவர் ஆட்டமிழந்தாயிற்று. மூன்றாம் பேஸில் கைனர்-ஃபலேஃபா. பந்தை யாராவது நேரே பிடித்துவிட்டால் இரட்டை ஆட்டமிழப்பு ஆகிவிடும், பேஸை ஒட்டி நில் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் இரவு நடந்ததைப் பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? வார்ஷோ தரையோடு அடித்தான், ரோஹஸ் தடுமாறிப் பிடித்து வீட்டுக்கு, அதாவது ஓடுகிறவன் வந்து சேர்ந்தால் ஓட்டம் கிடைக்கும் தட்டுக்கு, எறிந்தான், அங்கே பந்தைப் பிடித்த சிமித்தின் கால் தட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப வந்து பட்டது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஆட்டமிழப்பு. ஒரு நாள் ஒருவன் கூடத் தள்ளிப் போய்த் தோல்வி, அடுத்த நாள் ஒருவன் தள்ளிப் போகாமல் தோல்வி. இரண்டு நாளும் இரண்டு பேரையும் திட்டினாய். நீ பயிற்சியாளராக நின்றிருந்தால் எத்தனை அடி என்று சொல்லியிருப்பாய்?

அதோடு அடுத்த அடி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிளெமென்ட் தூக்கி அடித்தான், பாஹெஸ் ஓடிவந்து ஹெர்னாண்டஸ் மேலேயே மோதி விழுத்திக்கொண்டு பிடித்தான். அவனை அந்த இன்னிங்ஸில்தான் பாதுகாப்புக்கு என்று உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். அது மற்றவன் செய்த திறமான வேலை. முதல் நாள் 96 பந்து எறிந்துவிட்டு, மறுநாள் ஓய்வில்லாமல் திரும்ப வந்து ஒன்பது, பத்து, பதினொன்று என்று எறிந்து முடித்த டொட்ஜர்ஸ் பந்தெறிபவன் யமமோட்டோவும் அப்படித்தான். அந்தப் பெடியனைக் கண்டால் எனக்குக் கோபம் வரவில்லை. எங்களை வென்றான், அவ்வளவுதான். ரோஹஸ் ஒன்பதாவதில் ஹோம் ரன் அடித்துச் சமப்படுத்தினானே, வருடம் முழுக்க அவன் அடித்த ஹோம் ரன்களை விரலில் எண்ணலாம் என்று ஐயா சொன்னார். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு காலடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

ஏழு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன். எங்களுக்கு 34 ஓட்டங்கள், டொட்ஜர்ஸுக்கு 26. கூட அடித்தவர்கள் தோற்றார்கள். இது அநியாயம் என்று அப்பா சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பதினொரு ஓட்டம் ஒரே ஆட்டத்தில் எடுத்தால் அதில் மிச்சத்தை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. எனக்குக் குறை என்றால் அது கடைசி இரண்டு இரவும் பேஸில் ஆட்களை நிறுத்தி வைத்துவிட்டு அவர்களை வீட்டுக்குக் கொண்டுவராமல் விட்டதுதான். வருடம் முழுக்க அதையே நன்றாகச் செய்தவர்கள். பதினோராவது இன்னிங்ஸில்கூட கெரேரோ மூன்றாம் பேஸில் நின்றான். அவனை அங்கே பன்ற் அடித்து (பந்தை மெல்லத் தட்டிவிட்டு) கொண்டுபோய் நிறுத்தியது யார்? திரும்பவும் உன் கைனர்-ஃபலேஃபாதான். கேர்க்கின் மட்டை உடைந்து பந்து நேரே பெட்ஸின் கைக்குப் போனது.

1993இல் ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்து எங்களுக்கு உலகத் தொடரை வென்றுதந்தபோது அப்பா ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வெளியே என்ன சத்தம் என்று கேட்டாராம், ஒருவரும் பதில் சொல்லாமல் ஓடினார்களாம். அதற்குப் பிறகு இவ்வளவு கிட்ட வந்தது இந்த வருடம்தான்.

எனக்கு இப்போது உள்ள கவலை எங்கள் பிஷெட்டைப் பற்றி. செப்டெம்பரில் முழங்கால் அடிபட்டு, உலகத் தொடருக்குத்தான் திரும்ப வந்தான், அதுவும் பழக்கமில்லாத இரண்டாம் பேஸில். சரியாக ஓடக்கூட முடியாத காலோடு ஒட்டானியின் பந்தை மூன்று ஓட்டத்துக்கு அடித்தான். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி அவன் எங்கேயும் போகலாம். இவர்கள் காசைப் பார்த்து அவனை விட்டால் அன்றைக்கு நான் கத்துவேன், நீ கேட்டுக்கொண்டிரு.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் திங்கட்கிழமை தபாலில் போட்டேன். மாவைக் குளிர்ப்பெட்டியில் வை. கிறிஸ்மஸுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டாயா என்று அப்பா கேட்கிறார். ஏப்ரலில் வர முடியும் என்றால் அதையும் இப்பவே சொல்லு, ஐயாவும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், கைனர்-ஃபலேஃபா விசயமாக அவருக்கும் உன்னோடு கதைக்க இருக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா