லேப்டாப்பை மூடியும் ஓடிய படம்

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி பேச்சு பாதியில் இருக்கும்போதே மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். உன் வீட்டில் கம்ப்யூட்டரிலிருந்து புரொஜெக்டருக்கு வயர் இல்லாமல் அனுப்பும் படம் நின்று நின்று ஓடுகிறது என்றாயே, அதற்கான பதிலின் மீதியை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த தடவை கூப்பிடுவதற்குள், எச்டிஎம்ஐ வயர் செய்கிற வேலையை வயர் இல்லாமல் செய்யுமாமே, அந்த வயர்லெஸ் எச்டிஎம்ஐ பெட்டியை ஆர்டர் போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொல்வாய். போடாதே. இதைப் படித்துவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

நீ ஊருக்குக் கிளம்பும் முன் இங்கே நம் ஹாலில் மாட்டிக் கொடுத்தாயே புரொஜெக்டர், அதற்கு லேப்டாப்பிலிருந்து ஒரு நீள வயர் ஹாலின் குறுக்கே கிடந்தது. அப்பா அதில் இரண்டு தடவை கால் இடறினார். இரண்டாவது தடவை லேப்டாப்பே மேசையிலிருந்து கீழே வரப் பார்த்தது, நான் பாய்ந்து பிடித்தேன். அன்றைக்கே வயரைச் சுருட்டி அலமாரியில் போட்டேன். வயர் இல்லாமல் படம் அனுப்புவது என்ன பெரிய வித்தை என்று ஒரு நினைப்பு. மூன்று வாரம் ஆனது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். புரொஜெக்டரின் பின்னால் ஒரு ஆண்ட்ராய்டு டாங்கிளை, அதாவது வைஃபையில் படத்தை வாங்கிக் காட்டும் விரல் நீளக் கருவியை, செருகி, லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வந்த பட்டியலில் அதன் பெயரைத் தட்டினேன். லேப்டாப் திரை அப்படியே சுவருக்குப் போய்விட்டது. இதற்கு மிராகாஸ்ட் என்று பெயர், வைஃபை அலையன்ஸ் 2012-ல் கொண்டுவந்தது, நடுவில் ரவுட்டர்கூட வேண்டாம். போட்டோ காட்டினேன், பளிச்சென்று இருந்தது. படம் போட்டேன். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும், அப்புறம் நடிகரின் முகம் சின்னச் சின்னக் கட்டமாக உடையும், ஒரு நொடி நிற்கும், மறுபடி ஓடும். அப்பா அடுக்களையில் மைக்ரோவேவை ஓட்டினால் போதும், கட்டம் கட்டமாகக் கொட்டும். மைக்ரோவேவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது, வைஃபையின் பழைய அலைவரிசையும் அதுவேதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், மைக்ரோவேவ் தொல்லை போனது, படம் நிற்பது மட்டும் முழுசாகப் போகவில்லை.

நீ சொன்ன அறிகுறியும் கிட்டத்தட்ட இதேதான், இல்லையா? உன் வீட்டு இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைக்கிறாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீ ஓட்டுவது உன் ஹார்டு டிஸ்கில் இருக்கிற படம், அது வீட்டை விட்டு வெளியே போவதே கிடையாது.

எனக்கு விஷயம் பிடிபட்டது ஒரு தற்செயலால். ஒரு நாள் யூடியூபில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது, குரோம் உலாவியில் அந்த வீடியோவின் ஓரத்தில் இருக்கும் காஸ்ட் என்ற குட்டிச் சின்னத்தைத் தட்டினேன். சுவரில் படம் வந்தது. அப்பா வழக்கம்போல, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து லேப்டாப்பை மூடி உறைக்குள் வைத்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படம் நிற்கப்போகிறது என்று காத்திருந்தேன். நிற்கவே இல்லை! லேப்டாப் உறைக்குள் தூங்குகிறது, சுவரில் படம் பாட்டுக்கு ஓடுகிறது. லேப்டாப் அந்தப் படத்தை அனுப்பவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 'இன்ன வீடியோ, நீயே எடுத்துக்கொள்' என்று டாங்கிளுக்கு விலாசம் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆக, திரையை அனுப்புவது ஒன்று, படத்தை அனுப்புவது வேறொன்று. இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்கிறோம், குழப்பமே அங்கேதான். திரையை அனுப்பும்போது லேப்டாப் என்ன செய்கிறது என்று பார். ஃபுல் எச்டி திரையில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 தடவை. பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட். எச்டிஎம்ஐ வயர் அதைச் சுளுவாகத் தூக்கும், வீட்டு வைஃபையால் ஆகாது. அதனால் ஏற்கெனவே சுருக்கி வைத்திருக்கும் படக் கோப்பை லேப்டாப் விரிக்கிறது, திரையில் வரைகிறது, வரைந்ததை மறுபடி அவசர அவசரமாகச் சுருக்கிக் காற்றில் விடுகிறது, டாங்கிள் அதை மறுபடி விரிக்கிறது. துவைத்து மடித்த துணியைப் பிரித்து, கசக்கி, இன்னொரு தடவை மடித்து அனுப்புகிற மாதிரி. மின்விசிறி வேறு சத்தம் போடும்.

இதைவிடப் பெரிய கோளாறு, திரையை அனுப்பும்போது முன்கூட்டியே சேர்த்து வைக்க வழி இல்லை. சுட்டியை அசைத்தால் சுவரிலும் உடனே அசைய வேண்டுமே, அதனால் வந்ததை வந்தவுடனே காட்டியாக வேண்டும். காற்றில் அரை நொடி தடங்கல் என்றால் அந்த அரை நொடி உன் கண்ணில் படும். படக் கோப்பாகவே போனால் டாங்கிள் சில நொடிக்கான சரக்கை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளும், தடங்கல் வந்துபோனதே உனக்குத் தெரியாது. 8 ஜிபி கோப்பு 2 மணி நேரம் ஓடுகிறது என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 9 மெகாபிட்தான் ஆகிறது, சுமாரான வைஃபையே அதைத் தாங்கும்.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? படம் இருக்கும் ஃபோல்டரை உன் கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கில் பகிர்ந்து வை. புரொஜெக்டர் பக்கம் இருக்கும் டாங்கிளில் விஎல்சி என்ற படம் ஓட்டும் செயலியைப் போடு. அதைத் திறந்து வீட்டு நெட்வொர்க்கில் தேடினால் உன் கம்ப்யூட்டர் பெயர் வரும், உள்ளே போய்ப் படத்தைத் தொட்டு ஓட்ட வேண்டியதுதான். வசன வரியும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். போஸ்டரெல்லாம் வைத்து அழகாகப் பார்க்க ஆசை என்றால் கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கிக் காட்டும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள், இலவசம்தான், ஆனால் அது உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வைக்கும். கம்ப்யூட்டர் மட்டும் தூங்காமல் இருக்க வேண்டும், யூடியூப் மாதிரி மூடிவிட முடியாது. பட்டியலில் கம்ப்யூட்டர் பெயரே வரவில்லை என்றால் திட்டாதே, மூன்று இடத்தைப் பார்: விண்டோஸ் உன் வைஃபையைப் 'பொது' நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டிருக்கும், அதைத் 'தனிப்பட்டது' (பிரைவேட்) என்று மாற்று, உன்னை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்து, விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தனியாக விடும் வைஃபையில் டாங்கிள் ஏறியிருந்தால் இறக்கு. எனக்கு மூன்றாவதுதான். ஒரு முழுச் சாயங்காலம் போனது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டரும் வைஃபை, டாங்கிளும் வைஃபை என்றால் ஒரே படம் காற்றில் இரண்டு தடவை பயணம் போகிறது, கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து டாங்கிளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அலைவரிசை என்றால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உன் கம்ப்யூட்டர் ரவுட்டருக்குப் பக்கத்து மேசையில்தானே இருக்கிறது? ஒரு மீட்டர் லேன் வயரை, அதாவது நெட்வொர்க் வயரை, இரண்டுக்கும் நடுவே போடு. காற்றில் பாதிச் சுமை குறைந்துபோகும். வயர்லெஸ் ஒழுங்காக ஓட முதல் வேலை ஒரு வயர் வாங்குவது என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார், நீயும் சிரிப்பாய், பரவாயில்லை.

எனக்கு ரொம்பக் கழுத்தறுத்தது வேறொன்று. படம் நடுவில் இருக்கும்போது சுவர் கறுத்துப்போய், டாங்கிளின் தொடக்கப் படம் வரும், முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு படத்தில் நாலு தடவை. விற்றவரிடம் கேட்டால் டாங்கிள் பழுது, புதுசு வாங்குங்கள் என்றார். ஒரு நாள் ஹால் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி போட்டு ஏறி, டாங்கிளின் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். படத்தில் சண்டைக் காட்சி வந்ததும் அதன் குட்டி வெள்ளை விளக்கு ஒரு சிமிட்டல், மங்கல், அப்புறம் அணைந்தது. கரண்ட் போதவில்லை! நாம் அதைப் புரொஜெக்டரின் யூஎஸ்பி துளையிலேயே செருகியிருந்தோம். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர்தான், டாங்கிளோ ஒரு ஆம்பியர் கேட்கிற சாதி. உன் பழைய போன் சார்ஜரைத் தேடி எடுத்துத் தனியாகச் சுவரில் செருகினேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அணையவில்லை. உன் வீட்டிலும் முதலில் இதைப் பார்.

சத்தத்தைப் பற்றி இரண்டு வரி. ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் லேப்டாப்போடு சேர்க்காதே. படம் ஒரு வழியாக, சத்தம் இன்னொரு வழியாகப் போனால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேராது, உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். புரொஜெக்டரின் ஆடியோ துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் போட்டுவிடு. கம்ப்யூட்டரில் விஎல்சியில் பார்க்கும்போது அப்படி ஆனால் கே-யை அழுத்தினால் சத்தம் 50 மில்லிநொடி பின்தங்கும், ஜே-யை அழுத்தினால் முன்னே வரும்.

மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற தளங்களில் திரையை அனுப்பினால் சில சமயம் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். அது பழுது இல்லை. படத்தை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று எச்டிசிபி என்று ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள், வழியில் ஒரு கருவி அந்தப் பூட்டுக்கு ஒத்துவராவிட்டாலும் கறுப்புதான். அந்தத் தளத்தின் செயலியை டாங்கிளிலேயே போட்டுக்கொள்.

இனி நீ கேட்ட பெட்டி. அது எனக்குப் பிடிக்காத சாமான் இல்லை, உன் வேலைக்கு அது வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். அதுவும் திரையை அனுப்புவதுதான். ஒரே அறைக்குள் என்றால் சில பெட்டிகள் அருமையாக வேலை செய்யும். 60 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறவை சுவரைத் தாண்டாது, நடுவில் ஆள் குறுக்கே போனாலே திணறும். உனக்கோ நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. நீ கேம் விளையாடத்தான் கேட்கிறாய் என்றால் உண்மையைச் சொல், அதற்கு வயர்தான், தாமதத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. கூரை ஓரமாக இழுக்கிற அளவு நீளம் வேண்டும் என்றால் கண்ணாடி இழை எச்டிஎம்ஐ வாங்கு, 20 மீட்டர்கூடச் சிரமம் இல்லை. அதில் ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் போட்டிருக்கும், தலைகீழாக மாட்டினால் படம் வராது. ஆணி அடித்து மறைத்த பிறகு அதைக் கண்டுபிடிக்காதே.

இன்று ராத்திரி லேன் வயரும் சார்ஜரும் மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு எழுது. ரவுட்டரிலிருந்து புரொஜெக்டர் எத்தனை அடி, நடுவில் இருப்பது செங்கல் சுவரா பலகைத் தடுப்பா என்பதையும் எழுது. அப்பா கேட்கச் சொன்னார்: அந்தப் பழைய நீள வயர் இனி வேண்டுமா, வேண்டாமா? அலமாரியில் அவர் சட்டை வைக்கும் இடத்தில் கிடக்கிறதாம்.

அம்மா