எந்த மொழிப் பாடத்துக்கு நாம் ஒப்புதல் அளிக்கப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய அரசியலமைப்பைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விடுவதாக 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதியளித்த இலங்கை அரசாங்கம், நாடாளுமன்றத்தில் 159 ஆசனங்களுடன் மூன்றிலிரண்டுக்கும் மேலான பலத்தோடு இருக்கிறது. அதிகாரப் பகிர்வு, ஜனாதிபதி முறைமை ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். வாக்களிக்கப் போகும் நம் கையில் தரப்படும் தமிழ்ப் பாடத்துக்கு, அதாவது அரசியலமைப்பின் தமிழ் வடிவத்துக்கு, சட்டத்தில் என்ன மதிப்பு என்பதை மட்டும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதுவே முதற் கேள்வியாகப் படுகிறது.

இப்போதைய அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கையை 'ஒற்றையாட்சி' அரசு என்கிறது. அதற்கு ஈடான சிங்களச் சொல் 'ஏகீய' என்பதாகும். 2017 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்பை வரைவதற்கான நாடாளுமன்ற வழிப்படுத்தல் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கையோ சிங்களச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழில் மாத்திரம் 'ஒருமித்த நாடு' என்று மாற்றியது. பிரிக்கப்படாததும் பிரிக்கப்பட முடியாததுமான நாடு என்பதே இதன் பொருள் என்று அறிக்கை விளக்கம் தந்தது உண்மைதான். ஆனாலும் அந்த விளக்கத்தை ஒரு நாள் உயர் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும்போது, ஒரே உறுப்புரையில் நிற்கும் இரண்டு சொற்களில் எதைப் பிடித்துத் தீர்ப்பு எழுதும்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சட்டங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்க வேண்டும் என்று சொல்லும் 23ஆம் உறுப்புரையே, இரண்டுக்கும் இடையே முரண்பாடு வந்தால் எந்தப் பாடம் மேலோங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டிருக்கிறது. விளைவு, நம் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிங்களப் பாடமே மேலோங்கும் என்ற அந்த ஒற்றை வரி வழக்கமாக அங்கே இருக்கும். அதே வரி புதிய அரசியலமைப்பிலும் ஏறிவிட்டால், மூதூரிலும் கிண்ணியாவிலும் வெருகலிலும் உள்ளவர்கள் தமிழில் படித்து வாக்களித்துவிட்டு, தாம் படிக்காத பாடத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக வாழ நேரும்.

1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் மக்களிடம் வாக்கெடுப்புக்கு வந்தவை அல்ல. மொழி தொடர்பான தமது திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டதனால் 1971 ஜூனில் தமிழரசுக் கட்சியினர், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கிய அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடளாவிய சர்வசன வாக்கெடுப்பு என்று நாம் கண்டது 1982 டிசம்பர் 22இல் நடந்த ஒன்றுதான். அதுவும் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிப்பதற்காக, 'ஆம்' என்பதற்கு விளக்கும் 'இல்லை' என்பதற்குக் குடமும் சின்னங்களாக நடந்த வாக்கெடுப்பு. ஆகவே அரசியலமைப்பு ஒன்றுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் உரிமை இந்த முறைதான் முதன்முதலாக நமக்குக் கிடைக்கப் போகிறது. அப்போதும் நாடு முழுவதும் ஒரே தொகுதியாகவே எண்ணப்படும் என்பதால், பாடத்தைத் திருத்திக்கொள்ளக்கூடிய காலம் வாக்கெடுப்புக்கு முந்தியதே அன்றிப் பிந்தியது அன்று.

கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தில் ஆங்கிலப் பாடமும் பிரெஞ்சுப் பாடமும் சம அதிகாரம் உடையவை என்று எழுதப்பட்டிருக்கிறது. நம் வரைவிலும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் அவ்வாறே எழுதப்பட வேண்டும். சட்டமும் இரு மொழிகளும் அறிந்தவர்கள் தமிழ்ப் பாடத்தை மொழிபெயர்ப்பாக அல்லாமல் தொடக்கத்திலேயே சேர்ந்து எழுத வேண்டும். இரண்டு பாடங்களும் ஒரே நாளில் வெளியாகி, பிரதேச செயலகங்களிலும் பொது நூலகங்களிலும் சில மாதங்களாவது மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்த இனத்தவராக, எந்தக் கட்சியினராக இருந்தாலும், வரைவு சபைக்கு வருவதற்கு முன்னரே இந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.